இடது பக்கத்து சீட்

நம்புங்கள் என்று கெஞ்சப் போவதில்லை. இது எனக்கு நடந்தது. உடன் இருந்த இரண்டு பேர் இன்னும் அடுகோடியில்தான் இருக்கிறார்கள். போய்க் கேட்கலாம். அன்று நான் குடித்திருக்கவில்லை. தூக்கக் கலக்கமும் இல்லை. வருஷக்கணக்காக நைட் ஷிப்டில் இருப்பவனுக்குக் காலை ஆறு மணி என்பது உங்களுடைய சாயங்காலம் மாதிரி. கண் நன்றாகவே விழித்திருக்கும்.

1957-ம் வருஷம். பி.எஸ்ஸி.யைப் பாதியில் விட்டுவிட்டு, அடுகோடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷினில் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே எல்லோரும் என்னைக் "காலேஜ்" என்று கூப்பிடுவார்கள். மரியாதைக்காக இல்லை. வீடு ஸ்ரீராம்புரத்தில். அம்மா, அக்கா, நான்.

லாங்ஃபோர்டு டவுனில் டென்சில் என்று ஓர் ஆங்கிலோ இந்தியர். அவரிடம் பச்சை நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. யுத்தத்துக்கு முந்தைய மாடல். இரண்டே சீட். நீள மூக்கு, கம்பிச் சக்கரம். மேலே திறந்தபடி இருக்கும். மழை வந்தால் கான்வாஸ் கூரையை இழுத்து மாட்டி, இரண்டு பக்கமும் செல்லுலாய்டு ஜன்னலைச் செருக வேண்டும். படிக்கிற காலத்தில் அது போனால் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். அவர் குடும்பத்தோடு கப்பல் ஏறப்போகிறார், காரை வந்த விலைக்குத் தள்ளுகிறார் என்று சின்னப்பா வந்து சொன்னான். சின்னப்பா என் பக்கத்து மெஷின்காரன். டென்சில் போகும் சர்ச்சுக்குத்தான் அவனும் போவான்.

அம்மாவுக்கு அந்த மாதம் கண்ணில் புரை எடுக்க நாள் குறித்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்வர உதவும் என்று வீட்டில் சொன்னேன்.

"கண் ஆபரேஷனுக்குப் போறவளைக் கூரை இல்லாத வண்டியில கூட்டிப் போவியா?" என்றாள் அக்கா. "கூடவே பேண்டு வாத்தியமும் வெச்சுடேன்."

வாங்கப் போன அன்று நாங்கள் மூன்று பேர். நான், சின்னப்பா, மெக்கானிக் தனக்கோடி. தனக்கோடியின் ஷெட் எங்கள் தொழிற்சாலைக்கு எதிரில். ஓசூர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தோம். தனக்கோடி திடீரென்று நின்றான்.

"யோவ், மூணு பேரா நல்ல காரியத்துக்குப் போறோம். வெளங்குமா?"

எங்கள் பக்கத்தில் இது உண்டு. மூன்று பேராகப் போனால் காரியம் ஆகாது என்பார்கள். வேறு ஆள் கிடைக்காவிட்டால் ஒரு கல்லை எடுத்து நாலாவது ஆளாக வைத்துக்கொள்வார்கள். காரியம் முடிந்ததும் கீழே போட்டுவிடுவார்கள். அவ்வளவுதான். தனக்கோடி பக்கத்துச் சுவரோரம் குனிந்து, கோழிமுட்டை அளவில் ஒரு வெள்ளைக் கல்லை எடுத்தான்.

சின்னப்பா சிரித்தான். "அது என்ன சுவர்னு தெரியுமாய்யா? எங்க ஆளுங்க படுத்திருக்கிற இடம்."

கல்லறைத் தோட்டத்துச் சுவர்.

"கல்லு கல்லுதான்," என்றான் தனக்கோடி. கல்லைப் பார்த்து, "நீதான்பா நாலாவது ஆளு. எங்ககூட வா," என்று சொல்லி என் கையில் கொடுத்தான். "காரியம் யாருதோ அவன்தான் வெச்சுக்கணும்."

ஜூன் மாத வெயில். கல் மட்டும் சில்லென்று இருந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

டென்சில் வீட்டில் பேச்சு சீக்கிரம் முடிந்தது. அவர் மனைவி யூனிஸ் டீ கொண்டுவந்தாள். டென்சிலுக்கும் எங்கள் மூன்று பேருக்கும் கொடுத்தபிறகு, தட்டில் ஒரு கோப்பை மிச்சம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள்.

"அந்த ஆளு உள்ளே வரமாட்டாரா?"

"எந்த ஆளு, மேடம்?"

"உங்க பின்னாடி வந்தாரே..."

சின்னப்பா எட்டிப் பார்த்தான். யாரும் இல்லை. அவள் கோப்பையோடு உள்ளே போய்விட்டாள்.

சாவி என் கைக்கு வந்தது. கல்லை எடுத்து, காருக்குள் இடது பக்கத்து சீட்டில் வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தேன். தனக்கோடி இடது பக்கம் ஏற வந்தான். கதவு திறக்கவில்லை. இழுத்தான், குத்தினான். டென்சிலும் இழுத்துப் பார்த்தார்.

"பதினாலு வருஷமா என்கிட்ட இருக்கு, மேன். இந்தக் கதவு ஒரு நாளும் மாட்டினதில்லே."

அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் காரில் அதுவரை ஒரு குறையும் இருந்ததில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அவர்கள் இரண்டு பேரும் நடந்து வந்தார்கள். நான் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தேன். தனியாக என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு சின்னச் சின்ன விஷயங்கள். கார் இடது பக்கம் சாய்ந்தே ஓடியது. தனக்கோடி ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்த்தான். ஸ்பிரிங்கில் கோளாறு இல்லை. தரையில் இறக்கினால் மறுபடி சாயும்.

"ஆள் உக்காந்த மாதிரி இறங்குதுடா," என்றான்.

வளைவில் திரும்பினால் பக்கத்து சீட் முனகும். மழையில் கூரை போட்டு ஓட்டினால் இடது செல்லுலாய்டு மட்டும் உள்பக்கமாக ஆவி படியும். மூச்சு விட்டதுபோல. என் பக்கம் தெளிவாக இருக்கும். இடது கதவைத் தனக்கோடி கழற்றிக்கூடப் பார்த்தான். கழற்றினால் பூட்டு நன்றாக வேலை செய்யும். மாட்டினால் திறக்காது. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஜட்காவில்தான் கூட்டிப் போனோம்.

ஆபரேஷன் முடிந்து, இரண்டு கண்ணிலும் கட்டோடு அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை கட்டுப் பிரிப்பார்கள். அதுவரை எழுந்து நடக்கக் கூடாது, குனியக் கூடாது. விழுந்தாலோ கட்டை இழுத்தாலோ கண் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அக்காவுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலை டூட்டி. ஆறரைக்குக் கிளம்பிவிடுவாள். நான் ஏழுக்குள் வந்து கஞ்சி ஊட்ட வேண்டும். நடுவில் அரை மணி நேரம் அம்மா தனியாக இருப்பாள். நான் வரவில்லையென்றால் எழுந்துவிடுவாள். பசி பொறுக்க மாட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை இரவு, டூட்டிக்குப் போய்க் காரை நிறுத்தியபோது சீட்டில் கிடந்த கல் கண்ணில் பட்டது. எடுத்து கேட் பக்கத்துச் சாக்கடையில் எறிந்தேன். ஷெட்டைப் பூட்டிக்கொண்டிருந்த தனக்கோடி பார்த்துவிட்டான். ஓடி வந்தான்.

"என்னடா போட்டே?"

"உன் நாலாவது ஆளைத்தான்."

அவன் சிரிக்கவில்லை. "வான்னு கூப்பிட்டுக் கூட்டிட்டு வந்தோம்டா. எடுத்த இடத்துல விட்டிருக்கணும்."

"கல்லு கல்லுதான்னு நீதானே சொன்னே?"

அவன் சாக்கடையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

செவ்வாய்க்கிழமை காலை. ஆறு மணிக்குச் சங்கு ஊதியது. நல்ல மழை. காரை கேட்டுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தியிருந்தேன். கூரை போட்டபடிதான் இருந்தது. ஓடிப்போய் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

ஸ்டார்ட்டரை இழுத்தேன். சத்தமே இல்லை. மறுபடி இழுத்தேன். இல்லை. முன்னால் கைப்பிடி போட்டு எஞ்சினைச் சுற்றலாம் என்று இறங்கப் போனேன்.

கதவு திறக்கவில்லை.

தோளால் இடித்தேன். அசையவில்லை. செல்லுலாய்டை உதைத்தேன். விரலால் குத்தினாலே வளையும் பொருள் அது. கருங்கல்லை உதைத்த மாதிரி கால் வலித்தது. கூரைக் கான்வாஸைக் குத்தினேன். நனைந்து விறைத்திருந்தது. குத்திய சத்தம்கூட வெளியே போகவில்லை... எனக்கே கேட்கவில்லை.

அப்போது பக்கத்து சீட் முனகியது.

கார் நின்றுகொண்டுதான் இருந்தது.

இடது செல்லுலாய்டில் ஆவி படிந்தது. மெல்ல மறைந்தது. மறுபடி படிந்தது. யாரோ நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஈர மண் வாசனை. என் இடது தோளில் ஏதோ அழுத்தியது. உருவம் எதுவும் தெரியவில்லை. ஆனால் இடம் குறைந்துகொண்டே வந்தது. வலது கதவோடு கதவாக என்னை ஒட்டவைத்து நெருக்கியது.

வெளியே பேச்சுக் குரல். சின்னப்பா! கூடத் தனக்கோடி. கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

சின்னப்பா கிட்டே வந்தான். என் பக்கத்துச் செல்லுலாய்டைக் கையால் துடைத்தான். முகத்தை ஒட்டவைத்து உள்ளே பார்த்தான். அவன் மூக்குக்கும் என் மூக்குக்கும் ஒரு சாண் இடைவெளி.

"ஆள் இல்லைய்யா," என்றான்.

"வண்டிய விட்டுட்டுப் போக மாட்டானே?"

"மழைக்கு பஸ் ஏறியிருப்பான். காலேஜு படிச்ச மூளை, இப்பத்தான் வேலை செய்யுது. வா, டீ அடிக்கலாம்."

போய்விட்டார்கள்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 6.40.

அக்கா கிளம்பியிருப்பாள். அம்மா கட்டிலில் தனியாக. பக்கத்திலேயே குமுட்டி அடுப்பு.

நான் யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவன். அன்று கெஞ்சினேன். பக்கத்து சீட்டைப் பார்க்காமல் சொன்னேன்.

"என்னை விட்டுடு... ஸ்ரீராம்புரத்துல அம்மா தனியா இருக்கா. கண்ணுல கட்டு. ஏழு மணிக்குக் கஞ்சி ஊட்டணும். யாரும் வரலேன்னா எழுந்துடுவா. விழுந்தா கண்ணு போயிடும். தயவு பண்ணி..."

மூச்சு நின்றது.

செல்லுலாய்டில் ஆவி மறைந்தது.

சீட் மெல்ல மேலே எழும்பியது. கிரீச்...

இடது கதவு திறந்தது.

அத்தனை நாள் திறக்காத கதவு. அகலத் திறந்தது. மழைச் சத்தம் உள்ளே வந்தது. நான் அந்தப் பக்கம் பாய்ந்தேன்.

டப்.

என் முகத்தில் மூடிக்கொண்டது.

அப்போதுதான் புரிந்தது, நான் என்ன செய்தேன் என்று. வழி சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

கத்தினேன். இடித்தேன். கை முட்டி பிய்ந்து ரத்தம் வந்தது. ஏழு ஆயிற்று. எட்டு ஆயிற்று. ஆட்கள் காரை உரசிக்கொண்டு போனார்கள். ஒருவன் காரின் மூக்கில் சாய்ந்து பீடி பற்றவைத்தான். நான் உள்ளே இருந்தேன்.

9.35. கதவு தானாகத் திறந்துகொண்டது.

காரை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பஸ் பிடித்து வீடு சேர்ந்தபோது பத்தரை. கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன்.

அம்மா கட்டிலில் படுத்திருந்தாள். கட்டு கலையவில்லை. கஞ்சிக் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"என்னடா, இப்பத்தானே போனே? திரும்பி வந்துட்டியா?" என்றாள்.

"சாப்பிட்டியாம்மா?"

"நல்லா கேட்டே போ. நீதானே ஊட்டினே? ஏழு மணிக்கு வந்தே. கை ஐஸ் மாதிரி இருந்துது. மழையில நனைஞ்சியான்னு கேட்டேன், வாயே திறக்கலே." சிரித்தாள். "ஆனா எவ்வளவு பொறுமையா ஊட்டினே! நீ எப்பவும் பறப்பியே."

கட்டில் ஓரமாகத் தரை ஈரமாக இருந்தது. செம்மண் சேறு.

அன்று இரவு நான் டூட்டிக்குப் போகவில்லை. விளக்கை அணைக்காமல் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விடிந்தது. அக்கா கிளம்பிப் போனாள். கஞ்சி எடுக்க நாலடி தள்ளி அடுப்புக்குப் போனேன். கிண்ணத்தோடு திரும்பினேன். அம்மா வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போதும்டா. வயிறு ரொம்பிடுச்சு."

கஞ்சி என் கையில் இருந்தது. சுடச்சுட.

வியாழக்கிழமையும் அதுவேதான்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்தார்கள். அம்மா டாக்டரைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்து அழுதாள். பார்வை நன்றாக வந்திருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

என் கையைத் தடவிப் பார்த்தாள். விலக்கிவிட்டாள்.

"இது இல்லே," என்றாள். "என் பிள்ளை கை சில்லுனு இருக்கும்."

பல நாள் கட்டோடு இருந்த குழப்பம், சரியாகிவிடும் என்றார் டாக்டர். சரியாகவில்லை. மற்ற எல்லாவற்றிலும் அம்மா தெளிவாகத்தான் இருந்தாள். கணக்குப் பார்ப்பாள், சமைப்பாள், அக்காவோடு சண்டை போடுவாள். என்னை மட்டும் வீட்டில் தங்கியிருக்கிற யாரோ ஒருவனாக நடத்தினாள். "வாங்க" என்பாள். என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கியதில்லை. காரைத் தனக்கோடி இரும்பு விலைக்குப் போட்டான். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அது சாய்ந்து நிற்கவே இல்லை என்றான்.

பதினோரு வருஷம் இப்படி. போன மாதம் அம்மா இறந்தாள்.

கடைசி நாள் காலை. நினைவு போய்க்கொண்டிருந்தது. பால் ஊற்று என்று அக்கா கரண்டியை என் கையில் கொடுத்தாள். நான் கட்டிலுக்கு வலது பக்கம் உட்கார்ந்து நீட்டினேன். அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டாள். முகத்தை இடது பக்கம் திருப்பினாள். அந்தப் பக்கம் சுவர்தான்.

வாயைத் திறந்தாள்.

விழுங்கினாள். தொண்டை ஏறி இறங்கியது. மூன்று தரம்.

உதட்டோரம் பால் வழிந்தது. அக்காவும் பார்த்தாள்.

என் கரண்டியில் பால் அப்படியே இருந்தது.