சில் அவுட் என்றால் வெளியே போ அல்ல

இன்று ஆபீஸ் மீட்டிங்கில் முதல்முறையாக நான் பேசினேன். நான் எழுதிய புரோகிராம் எல்லார் முன்னாலும் பாதியில் நின்றுபோனது. அதே பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தினேன்.

டீம் லீடர் சிரித்துக்கொண்டே, "சில் அவுட்" என்றார்.

என் காதில் 'அவுட்' மட்டும்தான் விழுந்தது. கோவில்பட்டியில் தமிழ் மீடியம் படித்தவளுக்கு அது போதும். எழுந்து வெளியே வந்துவிட்டேன். வேலை போயிற்று என்று நினைத்து கேன்டீனில் உட்கார்ந்து அழுதேன்.

மீட்டிங் முடிந்த பிறகுதான் ராதா வந்தாள். பக்கத்து சீட், இந்த ஊரிலேயே கரமனைக்காரி.

"எங்கடி போனே?" என்றாள். 'அவுட்' என்றாரே என்று அழுதேன். "அவர் உன்னை வெளியில போகச் சொல்லலையாக்கும். டென்ஷன் ஆகாதே, கொஞ்சம் ரிலாக்ஸ் பண்ணுன்னார்."

"அப்போ ஏன் யாரும் என்னைத் தேடலை?"

"நீ டாய்லெட் போயிருப்பேன்னு நினைச்சோம்."

சாயங்காலம் ஆபீஸ் பக்கத்தில் கழக்கூட்டம் ஸ்டாப்பில் அவள் பஸ் வந்தது. "நாளைக்கு லீவுதானே, நன்னா சில் அவுட் பண்ணு" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.

ஹாஸ்டலில் ரூம்மேட்கள் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். ஃபேனைப் போட்டுக் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். முடியவில்லை. பிரௌசிங் சென்டருக்கு வந்து என் பிளாகில் இதை எழுதுகிறேன்.

அர்த்தம் புரிந்துவிட்டது. ஒற்றை ஆளாக அதை எப்படிச் செய்வது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சென்டரை மூடும்வரை இங்கேதான் இருப்பேன்.