யானைக்கு மணக்காத சோளன்

“...மூடாம விட்டாப் பெரியவர் சுவரை உடைச்சிக்கிட்டு வாறார். மூடி வைச்சா இப்பிடிப் பூஞ்சணம் பிடிக்குது. இந்தச் சோளன நாங்க எங்க மச்சான் கொண்டு ஒளிக்கிற?” என்றாள் மச்சாள், நீலப் பிளாஸ்டிக் பரலின் மூடியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி.

பெரியவர் என்றால் யானை. மாங்கேணிப் பக்கம் காட்டோரத்தில் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்கிறவர்களில் பலர் அதன் பேரைச் சொல்வதில்லை. சொன்னால் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடுமாம். மச்சாள் என் மாமாவின் மகள். அவளுடைய வீடும் சேனையும் காட்டை ஒட்டியே இருக்கின்றன. நான் வீதியோரம் ஒரு சின்ன மில் வைத்திருக்கிறேன். மிளகாய், அரிசி, சோளன் எதுவானாலும் அரைப்பேன். அரைக்கிற நேரத்தைவிடக் கதைக்கிற நேரம் கூட என்று ஊரில் எனக்குப் பேர். பொய்யில்லை. வருகிறவர்களின் வாயிலிருந்து ஒரு நல்ல சொல் விழும்போது மெசின் இரைச்சலில் அது கேட்காமல் போனால் எனக்கு அன்று முழுக்க மனம் சரிவராது.

அன்று அவள் ஓட்டோவில் பரலோடு வந்து இறங்கியது, பெரியகல்லாற்றில் வாழ்க்கைப்பட்டிருக்கும் தன் தங்கச்சிக்காக. தங்கச்சியின் குழந்தை அப்போதுதான் கூழ் குடிக்கத் தொடங்கியிருந்தது. நம்முடைய சேனைச் சோளன் இருக்கக் கடை மா எதற்கு என்று மச்சாளே வறுத்து, மிக்சியில் அடித்து, ஒரு டின் மாவைப் போன கிழமை பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருந்தாள். அதோடு மிக்சி புகைந்து நின்றுவிட்டது. மிச்சத்தை அரைக்கத்தான் என்னிடம் கொண்டுவந்தாள்.

மூடி திறந்ததும் மணம் வெளியே வந்தது. நனைந்த சாக்கைப் பெட்டிக்குள் பூட்டி வைத்தது போன்ற மணம். மிளகாய் அரைக்க வந்து குந்தியிருந்த மீன்காரர் மூக்கைப் பொத்தினார்.

“இதென்ன கா, பரலுக்குள்ள பழைய தோணி ஏதும் வைச்சிரிக்கயா?”

“உங்கட மீன் பெட்டிய விட இது சந்தனம்,” என்றாள் மச்சாள்.

மீன்காரர் சிரித்தார். ஆனால் கையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

அந்தப் பக்கத்து வீடுகளில் இப்போது தானியமெல்லாம் பரலுக்குள்தான். அவளுடைய பக்கத்து வீட்டுக் குசினிச் சுவரை யானை தள்ளி, நெல் மூட்டையை முற்றத்துக்கு இழுத்துப்போட்டு, ஆறுதலாகத் தின்றுவிட்டுப் போன பிறகு வந்த பழக்கம் அது. இரும்பு வளையம் போட்டு இறுக்கும் மூடி. அதற்கும் மேலே விளிம்பில் கிறீஸ் பூசுவார்கள். யானையின் மூக்குக்கு ஒரு பொட்டு வாசமும் போகக்கூடாது. இந்த முறை தை பிறந்தும் மழை விடவில்லை. மச்சாள் வெயில் கண்ட நேரமெல்லாம் படங்கை விரித்துச் சோளனைக் காயப் போட்டாள். இருட்டிக்கொண்டு வந்தால் அள்ளினாள். ஒரு பின்னேரம் காட்டுக்குள் மரம் முறிகிற சத்தம் கேட்டது. பெரியவர்தான் என்று அவசரமாக ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். டக்கென்று உடைந்தது. காய்ந்துவிட்டது என்று பரலில் கொட்டி இறுக்கி மூடிவிட்டாள்.

எனக்கு ஒன்றைப் பார்த்தால் கிண்டாமல் இருக்க முடியாது. ஒரு சுளகை எடுத்து, பரலின் மேலிருந்து ஒரு கை, கையை விட்டு நடுவிலிருந்து ஒரு கை, தோள்வரை விட்டு அடியிலிருந்து ஒரு கை என்று மூன்று குவியலாகப் போட்டேன். அடிச்சோளன் பளபளவென்று இருந்தது. நடுவில் அங்கொன்று இங்கொன்றாகக் கறுத்த மணி. மேற்சோளன்தான் கட்டிகட்டியாக ஒட்டிக் கிடந்தது. வாவிக்கரைக் கல்லில் படிந்த பாசி போல ஒரு பச்சை. விரலால் தொட்டால் மஞ்சள் தூளாகப் பறந்தது. சில மணிகளின் நுனியில் இளஞ்சிவப்பு. அழகு என்றே சொல்ல வேண்டும். கிட்டக் கொண்டுபோய் மணக்கப் பார்த்தேன். மச்சாள் கையைத் தட்டிவிட்டாள்.

“உனக்கு விசர் மச்சான். மூக்குக்குள்ள போகப்போகுது.”

எனக்குப் புரியாதது வேறு. ஈரம் கீழேதானே இறங்க வேண்டும்? அழுகுவதென்றால் அடிதானே அழுக வேண்டும்? அவள் கையிலிருந்த மூடியை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். உட்பக்கம் முத்துமுத்தாகத் தண்ணீர். சோற்றுப் பானை மூடி மாதிரி. பகலில் வெயில் பரலைச் சுட்டிருக்கிறது. மணிக்குள் மிச்சமிருந்த ஈரம் ஆவியாகி மேலே போய், ராவுக் குளிரில் மூடியில் தொங்கி, திரும்பவும் மேற்சோளனிலேயே சொட்டியிருக்கிறது. கடித்தபோது டக்கென்று உடைந்தது மணியின் வெளிப்பக்கம் மட்டும்தான்.

கண்டுபிடித்த சந்தோசத்தில் மீன்காரருக்கு மூடியைக் காட்டிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் மனதில் பட்டது.

“மச்சாள், தங்கச்சிக்கு அனுப்பின மாவுக்குச் சோளன் எங்கயிருந்து எடுத்தநீ?”

“மேலயிருந்துதான்,” என்றாள். பிறகு சுளகைப் பார்த்தாள். “அப்ப இவ்வளவு இல்ல மச்சான். மா படிஞ்ச மாதிரித்தான் இரிந்திச்சி. மூண்டு தண்ணியில கழுவின நான். மறுகா நல்லாக் கறுக்க வறுத்த நான். கறுக்க வறுத்தாப் போகாதா?”

எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவரைக் கேட்போம் என்று, வழக்கமாக என்னிடம் மிளகாய் அரைக்கும் விவசாயப் போதனாசிரியருக்குப் போன் எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன். பச்சை, மஞ்சள் தூள், கட்டி எல்லாம் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் கேட்டார்.

“கழுவினாப் போறது கண்ணுக்குத் தெரியிற பூஞ்சணம்,” என்றார். “அது உள்ளுக்கு விட்டிட்டுப் போற நஞ்சு போகாது. வறுத்தா மணம்தான் மாறும். அஃப்லாடொக்சின் எண்டு பேர். ஈரலைத்தான் பிடிக்கும். சின்னப் பிள்ளையளுக்குக் குடுக்கவே கூடாது.”

“நுனியில சிவப்பாவும் இரிக்கி சேர்,” என்றேன்.

“அது வேற சாதி. அதுக்கும் ஒரு நஞ்சு இரிக்கலாம்.”

“சோளனைத் தின்ன வந்தது தின்னிட்டுப் போக வேண்டியதுதானே. ஏன் நஞ்சை விடுது?”

அவர் சிரித்துவிட்டார். “அத அதுக்கிட்டத்தான் கேக்கணும்.”

மச்சாள் சிரிக்கவில்லை. போனுக்குக் கிட்ட வந்தாள். “சேர், அடியில இரிக்கிறது நல்லாரிக்கி. அதுவும் திங்க ஒண்ணாதா? கோழிக்காவது போடலாமா?”

“அதே பரல்தானே அக்கா. பாத்து நம்ப ஏலா. கோழிக்கும் வேணாம், வாத்துக்கு வேணவே வேணாம். பிள்ளை இது குடிச்சதா?”

“மா போய் ஒரு கிழமை ஆகுது.”

“இண்டையோட நிப்பாட்டச் சொல்லுங்க. பயந்து ஓடத் தேவையில்ல. ஆனா டொக்டரிட்டக் காட்டுங்க. என்ன குடுத்த எண்டதையும் மறைக்காமச் சொல்லுங்க.”

போன் வைத்ததும் மச்சாள் பரலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். ஐப்பசியில் விதைத்து, குருவி விரட்டி, பரண் கட்டி ராவுராவாகக் காவலிருந்த சோளன் அது. மீன்காரர் எழும்பிக் கிட்ட வந்தார். “கவலப்படாத கா. பிள்ளையள் துப்பினது பாதி, குடிச்சது பாதியாத்தான் இரிக்கும்.”

மச்சாள் தன் போனை எடுத்தாள். தங்கச்சி எடுக்கவில்லை. திரும்ப அடித்தாள். எடுத்தபோது பின்னால் குழந்தையின் சத்தம் கேட்டது.

“புள்ள, நான் அனுப்பின மாவ இனிக் கரைக்காத. என்னண்டு வந்து சொல்றன். டின்ன எறிஞ்சிராத, மூடி உயரத்தில வை. கோழிக்கும் கொட்டாத. பிள்ள நல்லாரிக்கா? வயித்தால போகுதா? ஓம். நான் வாறன், ரெண்டு பேரும் ஆசுப்பத்திரிக்குப் போவம்.”

போனை வைத்தாள். ஒரு பிளாஸ்டிக் சொப்பின் பையைக் கையில் மாட்டி, சுளகின் மேற்சோளனில் ஒரு கட்டியை அள்ளி, பையைப் புரட்டி முடிச்சுப் போட்டாள். டொக்டருக்குக் காட்டத்தான். மூடியைப் பரலில் வைத்து, வளையத்தை இறுக்கி, தெருக்கோழிகள் எட்டாதபடி மெசினுக்குப் பின்னால் உருட்டிவிட்டாள். குழாயில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். பிறகு வீதிக்கு இறங்கி, பெரியகல்லாற்றுக்குப் போக வாழைச்சேனைப் பக்கம் போகிற பஸ்ஸுக்குக் கையைக் காட்டினாள்.