மலைப் படம் போட்டவர்களிடம் போ

தொண்ணூற்றெட்டோ, தொண்ணூற்றொன்பதோ, வருஷம் சரியாக நினைவில்லை. செல்போன் என்பது பெரிய பணக்காரர்கள் இடுப்பில் மட்டும் தொங்கிய காலம். திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்று நடந்தது இது. அப்போது நான் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன்.

தீபத்துக்கு வரும் கூட்டத்தில் வருஷாவருஷம் குழந்தைகளும் வயதானவர்களும் தொலைந்துபோய், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அழுதுகொண்டு நிற்பார்கள். போலீஸ்காரரைப் பார்த்தால் பாதிப் பேர் பயந்து இன்னும் தள்ளிப் போய்விடுவார்கள். இவர்களை உரியவர்களிடம் சேர்த்துவைக்க நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சின்ன அறக்கட்டளை ஆரம்பித்தோம். மருந்துக் கடைக்காரர் ஒருவர் தலைவர். நான் செயலாளர். தையல் கடை வைத்திருந்த பாய் ஒருவரும் எங்களில் உண்டு. என்னைவிட இரண்டு வயது சின்னவர், என்னை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்.

பதிவு வேலையெல்லாம் முடிந்ததும், அமைப்புக்கு ஒரு லோகோ வேண்டும் என்று பேச்சு வந்தது. தொலைந்தவர்களில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. படத்தைப் பார்த்துத்தான் எங்களை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். கோலப் போட்டியில் இரண்டு தடவை முதல் பரிசு வாங்கியவள் நான். கேட்க வேண்டுமா? அந்த வாரமே வரைந்துகொண்டு போய்விட்டேன். நடுவில் மலை, உச்சியில் தீபம், கீழே இரண்டு கைகள் தாங்குகிற மாதிரி. காவியும் மஞ்சளும். பார்த்தவர்கள் எல்லோரும் 'அடடா' என்றார்கள். பாய் மட்டும் படத்தைக் கையில் வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாருக்குக்கா. ஆனா இந்த ஊர்ல மலையும் தீபமும் யார்தான் போடல? இது கூட்டத்துல கரைஞ்சுடும். அதுவும் இல்லாம, தொலையறது ஜாஸ்தி கொழந்தைங்க. நெஞ்சுல குத்துற பேட்ஜ் அதுங்க கண்ணுக்குத் தெரியாது, நம்ம இடுப்புதான் தெரியும். படமே வேணாம். இடுப்புல அகலமா கிளிப்பச்சைத் துணி ஒண்ணு கட்டிக்கலாம். அந்தக் கலரு தனியா நிக்கும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஒரு வாரம் ராத்திரி பகலாக வரைந்த படத்தை, படமே வேண்டாம் என்கிறாரே! கோபத்தில் எனக்குக் கண்மண் தெரியாது, அது என் சுபாவம்.

"பச்சைன்னா உங்களுக்குப் புடிக்கும்தான் பாய். ஆனா இது எங்க சாமி திருவிழா" என்றேன்.

மருந்துக் கடைக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். பாய் முகம் ஒரு நொடி செத்துப்போனது. பிறகு, "சரிக்கா. நீங்க சொல்றபடியே தைச்சுத் தரேன்" என்று எழுந்து போனார். சொன்னபடியே தைத்தும் கொடுத்தார். தொண்டர்கள் தோளில் போட்டுக்கொள்ள முப்பது காவிப் பட்டைகள், ஒவ்வொன்றிலும் நான் வரைந்த படம் போட்ட பேட்ஜ். 'இந்தப் படம் போட்டவர்களிடம் வாருங்கள்' என்று பிட் நோட்டீஸும் அடித்து ஊரெல்லாம் விநியோகித்தோம். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டோமே என்று உறுத்தியது, ஆனால் அந்த உறுத்தலைவிட என் படம் ஜெயித்த பெருமை பெரிதாக இருந்தது. அதை இப்போது ஒளித்து என்ன ஆகப்போகிறது?

அந்தத் தீபத்துக்கு என் தங்கை மகளும் எங்கள் வீட்டில் இருந்தாள். தங்கைக்கு இரண்டாவது பிரசவம் ஆகியிருந்ததால், மூத்தவளை என்னிடம் விட்டிருந்தாள். ஐந்து வயது. வாய் ஓயாது. செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டி நாங்கள் போட்டிருந்த பந்தலுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். போகும்போதே பாடம் நடத்தினேன்.

"பெரிம்மாவைக் காணோம்னா யார்கிட்ட போவ?"

"மலைப் படம் போட்டவங்க கிட்ட."

"சமத்து!"

பேட்ஜைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சாயந்திரம் வரைக்கும் பந்தலுக்குத் தொலைந்தவர் என்று ஓர் ஆள்கூட வரவில்லை. எல்லாரும் கெட்டியாகக் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள் போலிருக்கிறது என்று நாங்கள் கேலி பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

ஆறு மணி நெருங்கியது. பந்தல் துணி மலை உச்சியை மறைத்ததால், அவள் கையைப் பிடித்துக்கொண்டு சாலையில் இறங்கி நின்றேன். கிரிவலம் நடந்துகொண்டிருந்த அத்தனை ஜனமும் நின்று மலையைப் பார்த்தது. உச்சியில் தீபம் எழுந்தது. 'அண்ணாமலையாருக்கு அரோகரா!' என்று ஊரே ஒரே குரலில் அலறியது. பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம்; இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. மூன்று தடவை அரோகரா சொல்லிவிட்டுக் கையை இறக்கினேன்.

பக்கத்தில் குழந்தை இல்லை.

முதலில் நான் பயப்படவே இல்லை என்றால் நம்புவீர்களா? நூறு அடிக்கு ஒரு தொண்டர் நிற்கிறார். படத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஐந்து நிமிஷத்தில் யாராவது தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று பந்தலுக்குப் போய் மைக்கில் பெயரைச் சொல்லச் சொன்னேன். வெளியே நாதஸ்வரம், வெடி, அரோகரா. எங்கள் மைக் எங்களுக்கே கேட்கவில்லை. ஐந்து நிமிஷம் பத்து ஆனது. பத்து அரை மணி ஆனது. தொண்டர்கள் ஒவ்வொருவராக வந்து, "நம்ம கிட்ட வரலயே" என்றார்கள்.

அப்போது பக்கத்து லாட்ஜ் மேனேஜர் மூன்று வயதானவர்களை அழைத்துக்கொண்டு வந்தார். முகம் கடுகடுவென்றிருந்தது.

"இன்னாங்க இது? சாயந்திரத்துலருந்து ஒவ்வொருத்தரா எங்க லாட்ஜ்ல வந்து உக்காந்துகினு எழுந்திரிக்க மாட்டேங்கறாங்க. உங்க நோட்டீஸைக் காட்டி, எங்க போர்டைக் காட்டுறாங்க. காபி வாங்கிக் குடுத்து இட்டுனு வந்தேன்" என்றார்.

அவர் லாட்ஜ் போர்டில் மலை. மேலே தீபம்.

நான் பந்தல் வாசலில் நின்று சாலையைப் பார்த்தேன். அத்தனை வருஷம் அந்த ஊரில் இருந்தும் அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். சோடா வண்டியில் மலையும் தீபமும். தண்ணீர் பாக்கெட்டில் மலையும் தீபமும். வேன் கண்ணாடியில், பொரிக் கடைத் தட்டியில், வரவேற்பு வளைவில், ஒருத்தர் பனியன் முதுகில். இதில் எந்த மலையிடம் அவள் போயிருப்பாள்? அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். போகிற வழியில் குளங்கள் இருக்கின்றன, பஸ்கள் நிற்கின்றன, எப்படிப்பட்ட ஆட்கள் எல்லாமோ வந்திருக்கிறார்கள். பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தங்கையிடம் போய் என்ன சொல்வேன்? மலையைப் பார்த்துக் கும்பிடக்கூடத் தோன்றவில்லை. கும்பிடப் போய்த்தானே கையை விட்டேன்.

சேதி கேட்டுப் பாய் ஓடி வந்தார். ஒரு மாதமாக நாங்கள் வேலை விஷயம் தவிர எதுவும் பேசியதில்லை.

"கொழந்தை இன்னா ஒயரம்?" என்றார். அழுதுகொண்டே என் இடுப்புக்குக் கீழே கையை வைத்துக் காட்டினேன்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? அந்த நெரிசலில், தீபம் பார்க்க நான் நின்றிருந்த இடத்துக்குப் போய் நடுச்சாலையில் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். "யோவ், எந்திரிய்யா!" என்று ஆளுக்கு ஆள் திட்டினார்கள். ஒருத்தர் முழங்கால் அவர் தோளில் இடித்தது. அவர் அசையவில்லை. தலையைத் திருப்பித் திருப்பி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு எழுந்தார்.

"இங்கருந்து பாத்தா பேட்ஜே தெரியலக்கா. பையிதான் தெரியுது. வாங்க" என்றார்.

ஊரில் ஒரு துணிக்கடை அந்த வருஷம் தீபத்துக்கென்று மஞ்சள் துணிப்பை கொடுத்திருந்தது. பாதிக் கூட்டத்தின் கையில் அதுதான். அதில் பெரிதாக மலையும் தீபமும் போட்டிருந்தது. பை தொங்குவதோ, சரியாக ஐந்து வயதுக் குழந்தையின் கண்ணுக்கு நேராக.

கூட்டத்துக்கு எதிரே வர முடியாது, அது போகிற பக்கம்தான் குழந்தையும் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டே என்னை இழுத்துக்கொண்டு நடந்தார். நான் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தேன். "கத்தாதீங்கக்கா, எல்லாரும்தான் கத்துறாங்க. மூஞ்சியப் பாக்காதீங்க. கீழ பாருங்க, பையி ஒண்ணொண்ணா பாருங்க" என்றார். குனிந்தபடியே நடந்தேன். பை, பை, பை. ஒவ்வொரு மஞ்சள் பையைப் பார்க்கும்போதும் உயிர் வந்து வந்து போனது. அவளுடையது மாதிரியே மாம்பழ நிறத்தில் பாவாடை தெரிந்து ஓடிப்போய்ப் பிடித்தால் வேறு யார் வீட்டுக் குழந்தையோ திரும்பிப் பார்த்து வீலென்று அழுதது. சாலை வலப்பக்கம் திரும்பும் இடமும் தாண்டியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்திருப்போம். இனி இல்லை என்று என் மனசு சொல்ல ஆரம்பித்திருந்தது.

"அக்கா" என்றார் பாய். கையை நீட்டிக் காட்டினார்.

சாலையோரச் சிறுபாலத்தின் கட்டைச் சுவரில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். வயல் வேலை செய்து கறுத்த கை. மடியில் மஞ்சள் பை. பையின் காதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி எங்கள் பெண், வாய் நிறைய மல்லாட்டைக் கடலையை மென்றுகொண்டிருந்தாள். நான் பாய்ந்து போய்த் தூக்கினேன். அவள் நிதானமாக, "பெரிம்மா, நீ சொன்ன மாதிரியே மலைப் படம் போட்டவங்க கிட்ட வந்துட்டேன்" என்றாள்.

பாராட்டுக்குக் காத்திருந்தாள், பாவம். சொன்னதை அவள் ஓர் எழுத்துப் பிசகாமல் செய்திருந்தாள். அவளை இறுக்கி அணைத்துக்கொண்டு அழுதேன்.

அந்த அம்மா கீழ்பென்னாத்தூர் பக்கத்துக்காரர். "எங்க ஜனங்க எல்லாம் முன்னால பூட்டாங்க. எட்டு மணிக்கு வேனு கெளம்பிடும்னாங்க. இது பையப் புடிச்சுகினு வுட மாட்டேங்குது, படம் படம்னு சொல்லுது. இன்னா படம்னு யாருக்குத் தெரியும்? பச்சப் புள்ளய வுட்டுட்டு எப்டிப் போறது, அதான் இங்கயே குந்திகினேன்" என்றார். நான் அவர் காலில் விழப் போனேன். தடுத்தார். தடுத்த கையோடு ஒரு திட்டும் திட்டினார்.

"இவ்ளோ ஜனத்துல புள்ள கைய வுட்டுட்டு இன்னாத்தம்மா கும்புட்ட? போ, போயி மொதல்ல புள்ளைக்குச் சுத்திப் போடு."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூட்டத்தில் வேகமாக இறங்கிவிட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அவருக்கு வேன் கிடைத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திரும்பும்போது பாய் குழந்தையைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு, நெரிசல் இல்லாத வயல் வரப்பாகப் பார்த்து நடந்தார். அவள் அவர் தொப்பியைக் கழற்றித் தான் போட்டுக்கொண்டு விளையாடினாள். கொஞ்ச தூரம் போனதும் என்னால் தாங்க முடியவில்லை.

"பாய், அன்னிக்கு மீட்டிங்ல நான் பேசினது..." என்று ஆரம்பித்தேன்.

மற்றவர்களாக இருந்தால் 'அதெல்லாம் மனசுல வெச்சுக்கலக்கா' என்று ஒப்புக்குச் சொல்லியிருப்பார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"வலிச்சுதுக்கா. நான் இந்த ஊர்லதான் பொறந்தேன், எங்க தாத்தாவும் இங்கதான் பொறந்தாரு. ரெண்டு நாள் தூக்கம் வரல" என்றார். கொஞ்சம் நடந்துவிட்டு, "அதுக்குக் கொழந்தை இன்னா பண்ணும்?" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில், நாலு பேர் முன்னால் பேசியதற்கு அதே நாலு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். என் படத்தை எடுத்துவிட்டு, அவர் சொன்ன கிளிப்பச்சைத் துணியையே இனி நம் அடையாளமாக வைத்துக்கொள்ளலாம் என்றும் நானே சொன்னேன். பாய் தலையை ஆட்டினார். "ஆளுக்கு ஒண்ணரை மீட்டர் இருந்தாப் போதும்" என்றார். அவ்வளவுதான். மறுவருஷத்திலிருந்து தொலைந்தவர்கள் எங்கள் பந்தலுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். குழந்தைகள் நேராக வந்து இடுப்புத் துணியைப் பிடித்துக்கொள்வார்கள்.

அதற்குப் பிறகு பல வருஷம் சேர்ந்து வேலை செய்தோம். அவர் மகள் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறியிருக்கிறேன். ஆனாலும் 'மன்னிச்சுட்டேன்' என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. சொல்லாமலேயே அன்றைக்கு எனக்காக நடுச்சாலையில் முட்டி போட்டாரே, அதை நினைக்கும்போதெல்லாம் வாய்வரை வந்த எத்தனையோ வார்த்தைகளை விழுங்கிவிட்டு, எதிரில் இருப்பவர் என்னதான் சொல்ல வருகிறார் என்று கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.