மாமா ஒடித்த கை

பெரிய கம்பெனியில் இன்ஜினியர் வேலை எப்படி என்று யாராவது கேட்டால் என் இடது கையை நீட்டுவேன். முழங்கைக்குக் கீழே ஒரு கோணல் தெரியும். மாதம் பிறந்தால் சம்பளம், குடியிருக்க வீடு, பெற்றவர்களுக்கும் சேர்த்து இலவச வைத்தியம் எல்லாம் அந்த வேலை கொடுத்தது. அதே வேலைதான் என் தாய்மாமனின் மிளகாய்க் காட்டுக்குள் என்னைப் புல்டோசரோடு அனுப்பியது. என்னைப் பெற்ற அய்யா செத்த பிறகு என்னை வளர்த்துப் படிக்க வைத்தவர் அவர்.

கடலாடிப் பக்கம் குழாய் பதித்துக்கொண்டிருந்தோம். மாமாவின் மிளகாய்ச் செடிகளில் பழம் சிவந்து நின்றது.

"பழத்தை எடுத்துக்கிறேன்லே, அதுவரைக்கும் பொறு" என்றார்.

மேனேஜரிடம் கெஞ்சினேன். "நஷ்டஈடு கொடுத்தாச்சு. நீ உள்ளூர்க்காரன், உன் ஆட்களை நீயே சமாளி" என்றான் அந்தப் பாவி. அவன் ஆபீஸை விட்டு அசையவில்லை.

இரண்டு வரிசைச் செடி நசுங்கியதும் ஊரே கம்போடு வந்துவிட்டது. புல்டோசரின் கண்ணாடி நொறுங்கியது. ஆபரேட்டரைக் காலைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டு மிதித்தார்கள். வாயெல்லாம் ரத்தம். செத்துப்போவான் என்று அவன் மேல் விழுந்து மறைத்தேன். தலையைக் காக்கக் கையைத் தூக்கினேன். மண்வெட்டிக் காம்பு இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், காம்பும் கையுமாக மாமா!

"எந்திரிலே! இவனுகளுக்கு முட்டுக்கொடுக்கவா உன்னையப் படிக்க வச்சேன்?"

போலீஸ் மாமாவை இழுத்துக்கொண்டு போனது. கையைத் துண்டில் தொங்கவிட்டபடி நானும் பின்னாலேயே போனேன். மேனேஜர் எனக்கு முன்பே ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தான். "அடித்தவனைக் காட்டு. இல்லாவிட்டால் நாளைக்கு உனக்கு வேலை இல்லை" என்றான்.

"யாரும் அடிக்கவில்லை. குழிக்குள் விழுந்தேன்" என்றேன்.

மாமா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மனுஷனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "பொய் சொல்லாதலே! எனக்குப் பொய்யும் வேணாம், உன் தயவும் வேணாம். நான்தான் அடிச்சேன். இன்னொரு கையையும் நீட்டு, ஒடிக்கிறேன்!"

ஏட்டு அவருடைய வலது மணிக்கட்டில் லத்தியால் ஒரு போடு போட்டார். அதே இடத்தில் மறுபடியும் போட்டார். மாமா கத்தவில்லை. நான்தான் கத்தினேன். மேஜையில் கிடந்த பேப்பர் வெயிட்டை எடுத்து மேனேஜர் மேல் எறிந்தேன். அவன் தோளில் பட்டது.

"பழம் எடுக்கிறவரைக்கும் பொறுத்தா உன் குடியாடா முழுகிப்போகும்?" என்று அவனைக் கேட்டேன்.

இன்ஸ்பெக்டருக்குச் சலித்துவிட்டது. ஆபரேட்டருக்கு உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்தால் போதும், நானோ புகார் தரமாட்டேன் என்கிறேன், மேனேஜருக்கு என் வேலையைப் பிடுங்கினால் போதும். எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டார்.

மாமாவின் மணிக்கட்டு பந்துபோல் வீங்கி, விரல்கள் நீலம் பாய்ந்திருந்தன. வேலை போவதற்குள் இந்த ஒரு சலுகையையாவது பிடுங்கிவிட வேண்டும் என்ற வெறியில் அவரை இராமநாதபுரத்துக்கு, கம்பெனி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன்.

நர்ஸ் அவரைப் பார்த்தாள். "பெற்றவர்களுக்கு மட்டும்தான் இங்கே வைத்தியம். இவர் உங்களுக்கு யார்?"

"எங்க அய்யா" என்றேன்.

மாமா சட்டென்று திரும்பி என்னை முறைத்தார். லத்திக்கு முன்னாலேயே பொய்க்குத் தலையாட்டாத ஆள், இங்கே காரியத்தைக் கெடுத்துவிடுவார் என்று பயந்தேன்.

"ஆமா தாயி, எம் மகன்தான்" என்றார் நர்ஸிடம். "கை ஒடிஞ்சு நிக்கிறான். மொதல்ல அவனுக்குக் கட்டு."