குதிரை நின்ற பாதி

அந்தக் காலத்து அல்பங்களின் பிளாஸ்ரிக் தாளை உரிக்கும்போது ‘சர்ர்ர்’ என்று ஒரு சத்தம் வரும். கூடவே பூச்சியுருண்டையும் பழைய பசையும் கலந்த ஒரு நெடி மூக்கில் ஏறும். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மாரிகாலம் முழுவதும், ரொறொன்ரோவில், ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பக்கம் இருந்த எங்கள் அப்பார்ட்மென்றில் நான் கேட்டதும் முகர்ந்ததும் இவை இரண்டையும்தான். வீட்டிலே எல்லோரும் ஒரு குதிரையைத் தேடிக்கொண்டிருந்தோம். உயிருள்ள குதிரையை அல்ல, படத்தில் நிற்கிற ஒரு குதிரையை.

பிழை என்னுடைய ஐந்தாம் வகுப்பு ரீச்சருடையது. தொலைவில், வெப்பமான கடலுக்கு நடுவே இருக்கிற ஏதாவது ஒரு தீவைத் தெரிவுசெய்து, அங்கே வாழும் விலங்குகள், பேசும் மொழிகள், நடந்த வரலாறு எல்லாவற்றையும் ஒரு பெரிய மட்டையில் எழுதி ஒட்டிக்கொண்டு வந்து வகுப்புக்கு முன்னால் நின்று விளங்கப்படுத்த வேண்டும் என்றார். நான் மடகாஸ்கரைப் பிடித்துவைத்திருந்தேன். நூலகத்தில் அதற்கு வழுவழுப்பான தாளில் ஒரு புத்தகம் இருந்தது, நீண்ட வாலும் உருண்டைக் கண்ணுமாய் மரத்தில் தொங்குகிற பிராணிகளின் படங்கள் பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. ஒரு பின்னேரத்தில் எல்லாம் முடிந்திருக்கும். அன்று இரவு சோறு சாப்பிடும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அதை அப்பாவிடம் சொன்னேன்.

“எங்கட தீவு இருக்கேக்கை உனக்கேன் ஆற்றையோ தீவு?” என்றார் அப்பா.

அப்பா நெடுந்தீவில் பிறந்தவர். யாழ்ப்பாணத்துக் கரையிலிருந்து படகில் ஏறி, அலை வயிற்றைப் பிரட்டப் பிரட்டப் போய்ச் சேரவேண்டிய அந்தத் தீவை நான் கண்ணால் கண்டதில்லை; கைக்குழந்தையாக இருக்கும்போதே கொழும்புக்கும் பிறகு இங்கேயும் தூக்கி வரப்பட்டவள் நான். ஆனால் அப்பா பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து சாய்ந்து இருந்தாரென்றால் அந்தத் தீவைத் தவிர வேறு பேச்சுக் கிடையாது. அங்கே சொந்தக்காரரே இல்லாத குதிரைகள் வெட்டையில் கூட்டம் கூட்டமாகத் திரியுமாம். போர்த்துக்கேயர் கொண்டுவந்து இறக்க, ஒல்லாந்தர் வளர்த்துப் பெருக்க, பிறகு வந்த வெள்ளைக்காரர் வேண்டியதைப் பிடித்துக்கொண்டு போக, மிஞ்சியவற்றின் வம்சம் இவை என்பார். மடகாஸ்கர் அன்றோடு போயிற்று.

மொழிகள் பகுதியை நான் ஒரு மாதிரி எழுதிவிட்டேன். நாங்கள் வீட்டில் சொல்கிற ‘குசினி’, ‘அலுமாரி’, ‘கதிரை’, ‘சப்பாத்து’ எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை, ‘லாச்சி’யும் ‘கந்தோரும்’ ஒல்லாந்தர் விட்டுப்போனவை என்று அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். சிக்கல் விலங்குகளில்தான் வந்தது. முதல் நகலைப் பார்த்த ரீச்சர், வெப்பமான ஒரு சின்னத் தீவில் காட்டுக் குதிரைகளா என்று புருவத்தை உயர்த்தினார். கலைக்களஞ்சியத்தில் தேடிப் பார்க்கச் சொன்னார். ஒல்லாந்தர் பீங்கானுக்குப் பேர்போன தங்கள் ஊர் ஒன்றின் பெயரையே எங்கள் தீவுக்கும் வைத்துத் தொலைத்திருந்ததால், அந்தப் பெயரில் தேடினால் நீலப் பூப்போட்ட பீங்கான் கோப்பைகள் வந்தன. குதிரை வரவில்லை. அப்பா சொன்னார் என்றேன். அப்பா சொன்னது ஆதாரம் ஆகாது என்று ரீச்சர் அன்பாகத்தான் சொன்னார். ஒரு படமாவது கொண்டுவந்தால் ஏற்றுக்கொள்ளலாம், இல்லாவிட்டால் வேறு தீவு பார் என்றார். அதற்குள் மடகாஸ்கரை முன்வாங்கில் இருந்த ஒரு பெடியன் எடுத்துவிட்டான்.

அப்பாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. தான் பொய் சொன்னதாக ஒரு பள்ளிக்கூடமே நினைக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். ஊரவர்கள் எல்லோருக்கும் தொலைபேசி போட்டார். சனி, ஞாயிறு வந்தால் அவரவர் அல்பத்தைக் கட்டித் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா தேத்தண்ணி ஊற்றி ஊற்றிக் கை ஓய்ந்தார். அந்த அல்பங்களில் கலியாண வீடு இருந்தது, சாமத்திய வீடு இருந்தது, செத்த வீடு கூட இருந்தது. ஸ்ரூடியோவில் கீறிய நீர்வீழ்ச்சிக்கு முன்னால் விறைத்துக்கொண்டு நிற்கிற ஆட்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். குதிரை மட்டும் இல்லை. “நாய் பூனை மாதிரி வேலிக்குள்ளை வந்து நிண்டதுகள் பிள்ளை, உதுகளை ஆர் படம் எடுத்தது?” என்றார் அப்பாவின் ஒன்றுவிட்ட அக்கா. எனக்கு அழுகைதான் வந்தது. உலகத்தில் ஒருவரிடமும் இல்லாத ஒன்றை வைத்துக்கொண்டு, அதைப் படமெடுக்கத் தோன்றவில்லையாம்.

கடைசியில் அம்மாதான், பானையைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பாராமல் சொன்னார்: “குணம் அண்ணை வீட்டு ஷோகேஸிலை ஒண்டு கிடக்குது. நீங்களும் அவரும் நிக்க, பக்கத்திலை குதிரை.”

அப்பா பார்த்துக்கொண்டிருந்த அல்பத்தை மூடி வைத்தார்.

குணம் அங்கிள் அப்பாவின் கூட்டாளி. ஒரே வாங்கில் இருந்து படித்து, ஒரே படகில் யாழ்ப்பாணம் போய்வந்து, இங்கே வந்த புதிதில் ஒரே பேஸ்மென்றில் ஒரே மெத்தையில் படுத்தவர்கள். இரண்டு பேரும் சேர்ந்துதான் எங்கள் ஊர்ச்சங்கத்தைத் தொடங்கினார்கள். சங்கம் ஒரு மலர் வெளியிடுவதென்று முடிவுசெய்தது. மலரின் அட்டையில் என்ன போடுவது என்பதில் பிரச்சினை வந்தது. அப்பா குதிரை என்றார். குணம் அங்கிள் பெருக்கமரம் என்றார். பத்துப் பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க ஏலாத, ஊரிலே நிற்கிற பென்னாம்பெரிய மரம் அது. குதிரை அந்நியன் கொண்டுவந்த சாமான், மரம்தான் எங்களுடையது என்பது அவருடைய கட்சி. அந்த மரமும் அராபியர் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்ததென்றுதான் சொல்வார்கள், ஆனால் அந்தச் சண்டைக்குள் அதை யார் கேட்டார்கள்? சங்கம் இரண்டாய்ப் பிளந்தது. குதிரைக்காரர், மரக்காரர் என்றே பெயர் வந்துவிட்டது. கோடையில் ஒரே பூங்காவில், ஒரே ஞாயிற்றுக்கிழமை, இரண்டு ஒன்றுகூடல் நடக்கும். இரண்டு அண்டாவில் ஒடியல் கூழ் கொதிக்கும். பிள்ளைகள் நாங்கள் இரண்டு பக்கமும் போய்க் குடித்துவிட்டு வருவோம். அப்பாவும் குணம் அங்கிளும் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அப்பேர்ப்பட்ட மரக்காரர் வீட்டில்தான் ரொறொன்ரோவில் இருந்த ஒரே குதிரை நின்றது.

அப்பா ஒரு கிழமை முறுக்கிக்கொண்டு திரிந்தார். எனக்கோ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. படம் இல்லாமல் போனால் வகுப்பிலே பொய்க்காரி என்ற பெயர் எனக்குத்தான், அவருக்கில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை “வெளிக்கிடு” என்றார். பழைய காரில், சேற்றுப்பனி கண்ணாடியில் அடிக்க அடிக்க, பிக்கரிங்கில் அவர்கள் புதிதாக வாங்கியிருந்த வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்த கமலா அன்ரிக்கு எங்களைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது. குணம் அங்கிள் ரிவியைப் பார்த்தபடி “வாங்கோ, இருங்கோ” என்றார். அப்பாவை ‘டேய்’ என்றும் ‘மச்சான்’ என்றும் கூப்பிட்ட மனுசன். அந்த ‘வாங்கோ’ அப்பாவின் முகத்தில் அறைந்ததை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஒரே சோபாவில், நடுவில் என்னை வைத்துக்கொண்டு, இரண்டு பெரிய மனிதர்களும் என்னோடு மட்டும் பேசினார்கள்.

“பள்ளிக்கூடத்துக்குப் படம் வேணுமெண்டு அங்கிளிட்டைக் கேள் பிள்ளை.”

“குதிரை ஆர் கொண்டுவந்ததெண்டு எழுதியிருக்கிறீர் பிள்ளை?”

“போர்த்துக்கேயர் அங்கிள்.”

“ஒல்லாந்தர். கொப்பரிட்டைச் சொல்லும், வரலாறு தெரியாட்டில் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கச் சொல்லி.”

சோபாவின் அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் நான் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து நொந்ததுதான் மிச்சம். கமலா அன்ரி பற்றிஸ் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கடையில் படத்தைக் கலர் கொப்பி எடுத்துக் குடுத்தால் எல்லாருக்கும் நிம்மதிதானே என்று ஒரு நியாயமான வழி சொன்னார். மூளையுள்ள யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். குணம் அங்கிளுக்கு அது சரிவரவில்லை. கொப்பி எடுத்தால் நாளைக்கு அது குதிரைக்காரருடைய மலர் அட்டையில் வரும். மரக்காரர் சங்கத் தலைவர் குதிரைக்குப் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார் என்று ஊரே சிரிக்கும். அப்பாவுக்கும் சரிவரவில்லை. கொப்பி என்றால் பிச்சை போடுவதுபோல என்று எழும்பிவிட்டார்.

அப்போது குணம் அங்கிள் எழுந்துபோய் ஷோகேஸைத் திறந்து, சட்டத்துக்குள்ளிருந்து படத்தை உருவி எடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, படத்தை நெடுக்காக இரண்டாய் வெட்டினார். “உங்களுக்கென்ன விசரே?” என்றார் கமலா அன்ரி. அவர் கேட்காததுபோல ஒரு பாதியை என்னிடம் நீட்டினார்.

“இந்தாரும் பிள்ளை. குதிரையும் குதிரைக்காரரும் உங்களுக்கு. மற்றப் பக்கம் எனக்கு.”

காரில் வைத்துப் படத்தைப் பார்த்தேன். கட்டையான, வயிறு பெருத்த, பிடரிமயிர் பறக்கிற ஒரு மண்ணிறக் குதிரை. பக்கத்தில் மெலிந்த, மீசை அரும்பிய அப்பா, காற்சட்டையோடு. அவருடைய தோளில் ஒரு கை கிடந்தது. மணிக்கட்டோடு சரி, அதற்குமேல் ஆள் இல்லை. இரண்டு பேரும் அவ்வளவு ஒட்டி நின்றிருக்கிறார்கள். எங்கே வெட்டினாலும் யாருக்காவது ஏதாவது போகத்தான் செய்யும். “நேராத்தான் வெட்டியிருக்கிறான்” என்றார் அப்பா. வீட்டுக்கு வந்ததும், இனி ஒருத்தரும் பிடுங்க முடியாது என்பதுபோல ஒரு போத்தல் பசையையும் ஊற்றி அந்தப் பாதியை மட்டையில் ஒட்டினார்.

வகுப்புக்கு முன்னால் நின்று எல்லாம் சொன்னேன். பவளக் கல்லை அடுக்கிக் கட்டிய மதில்களைச் சொன்னேன், ஒல்லாந்தர் கோட்டையைச் சொன்னேன், குசினியைச் சொன்னேன். அப்போது போர்த்துக்கேயப் பிள்ளை ஒருத்தி எழும்பி அது தங்கள் சொல் என்று உரிமை கொண்டாடினாள். குதிரையைக் காட்டினேன். ரீச்சர் கிட்ட வந்து பார்த்துத் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார். கேள்வி இருக்கிறதா என்றார். வகுப்பில் பாதிக் கை எழும்பியது. எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: அந்தக் கை யாருடையது? அத்தனை நூற்றாண்டு வரலாறும் அத்தனை வாரத்து அலைச்சலும் அந்தக் கைக்குள் போய்விட்டன.

பின்னேரம் அப்பா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றமுன்னமே கேட்டார், என்ன கேட்டவை என்று. சொன்னேன்.

“நீ என்ன சொன்னனி?”

“தெரியாது எண்டு சொன்னன்.”

அவர் ஒரு சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “குணத்தின்ர எண்டு சொல்லியிருக்கலாம்” என்றார்.

அப்படியென்றால் தொலைபேசியை எடுத்து அந்தக் குணத்தோடு பேச வேண்டியதுதானே? பேசவில்லை. அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. அம்மா சொல்லிக் களைத்தார், நான் வளர்ந்து எனக்கும் பிள்ளைகள் வந்தபின் நானும் சொல்லிக் களைத்தேன். இவரும் வாய் திறக்கவில்லை, அவரும் திறக்கவில்லை.

இப்போது அந்தச் சங்கங்கள் இரண்டும் இல்லை. சண்டை பிடித்த ஆட்கள் வயதாகி விழுந்தார்கள். பிள்ளைகளுக்குக் குதிரையும் ஒன்றுதான், மரமும் ஒன்றுதான். பூங்காவில் கூழ் கொதிப்பதில்லை. என்னுடைய மகள் கைபேசியில் தட்டினால் நெடுந்தீவுக் குதிரைகள் ஓடுகின்றன, நிற்கின்றன, குட்டி போடுகின்றன; ஒருவர் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை.

போன மாரியில் குணம் அங்கிள் காலமானார். அப்பா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். நான் ஒஷாவாவிலிருந்து போய் இறங்கும்போது கோட்டுப் போட்டுக்கொண்டு தன் வீட்டு வாசலில் நின்றார். மலர்ச்சாலையில் பெட்டிக்கு மேலே ஒரு திரையில் அங்கிளுடைய படங்கள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருந்தன. கலியாணம், பேரப்பிள்ளைகள், நயாகரா. பிறகு அந்தப் படம் வந்தது. இளந்தாரிக் குணம் அங்கிள் பல் தெரியச் சிரித்துக்கொண்டு ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டியிருக்கிறார். கை மணிக்கட்டோடு முடிகிறது, அதற்கப்பால் வெறும் வெள்ளை. எங்களுக்குப் பின்னால் இருந்த பெடியன் ஒருவன், உந்தக் கைக்கு என்ன நடந்தது என்று தாயைக் கேட்டான்.

அப்பா திரும்பி அவனைப் பார்த்தார்.

“அது என்ர தோளிலை கிடக்குது, தம்பி” என்றார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போகும்போது அந்தப் பள்ளிக்கூட மட்டையைக் கொண்டுவா என்றார். பசை இறுகிப் படத்தைப் பிரிக்க முடியவில்லை. முயன்றால் குதிரை கிழிந்துவிடும். அதனால், குசினி, லாச்சி, பவளக்கல், என்னுடைய கோணல் எழுத்து எல்லாவற்றோடும் அந்த முழு மட்டையையும் பின் இருக்கையில் போட்டுக்கொண்டு பிக்கரிங்குக்குக் கார் ஓட்டினேன். பக்கத்தில் இருந்த அப்பா வழி முழுவதும் ஒல்லாந்தர்தான் கொண்டுவந்தது என்று குணம் சொன்னது அவ்வளவு பிழையில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் காரை ஓரத்தில் நிறுத்திவிட்டேன்.