சாமிக்குக் கொடுத்த பிள்ளை

ராஜமேரிக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வில்லை. வாரமெல்லாம் மாரண்டஹள்ளி மண்டியில் அழுகல் தக்காளி பொறுக்கிப் போட்டுவிட்டு, ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் தாழ்வாரத்தில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித்தர வேண்டும். முன்பெல்லாம் கேள்வி பதிலை மனப்பாடம் செய்யவைத்தால் போதும். அறுபத்தெட்டில் வந்த புதுச் சாமியார், "வேதத்துல இருக்கறத கதையா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். வேதத்தில் இருப்பதையெல்லாம் ஏழு வயதுப் பிள்ளைகளிடம் சொல்ல முடியுமா என்று மகானுபாவர் யோசித்ததாகத் தெரியவில்லை. யோசிக்க வேண்டியவள் ராஜமேரி. அவளுக்கோ உட்கார்ந்தால் கண் சொருகும்.

அன்றைக்கு ஆபிரகாம் கதை. மகனைப் பலி கொடுக்கச் சொல்லிக் கடவுள் கேட்டது, தகப்பன் கத்தியை ஓங்கியது, வானதூதர் தடுத்தது, மகனுக்குப் பதிலாக வெட்டப் புதரில் ஆட்டுக்கடா சிக்கிக் கிடந்தது எல்லாம் சொல்லி முடித்தாள். சவரிராயன் மகள் ரோசம்மா எழுந்து நின்றாள்.

"கடா வரலைன்னா, டீச்சரம்மா?"

"அதெல்லாம் கேக்கக் கூடாது. சாமி கேட்டா குடுத்துடணும்."

அலுப்பில் வந்த பதில்தான், ஆனாலும் அவள் நம்பிய பதில். புருஷன் செத்தபின் மிஞ்சிய ஒரே மகளைக் கன்னியர் மடத்துக்குக் கொடுத்தவள் அவள். மகள் வடக்கே எங்கேயோ ஆஸ்பத்திரி வேலையில் இருந்தாள். ஊர்ப்பக்கம் வந்து வருஷக்கணக்காகிறது. பாக்கியசாலி என்று ஊரே சொன்னது. அவளும் அப்படியே சொல்லிப் பழகிக்கொண்டாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சாகக் கிடந்து பிழைத்த பிள்ளையை அந்தோணியார் திருவிழாவில் சுரூபத்தின் காலடியில் விட்டு, "உமக்கே குடுத்தேன்" என்று தகப்பன் சொல்லிவிட்டு வெளியே போவான். பிறகு காணிக்கை போட்டு மீட்டுக்கொள்வான். காய்ச்சலில் பிழைத்த ரோசம்மாவுக்கும் அந்த நேர்ச்சை இருந்தது. திருவிழாக் காலையில் சவரிராயன் அவளுக்குப் புதுப்பாவாடை கட்டிவிட்டு, "உன்ன அந்தோணியாருக்குக் குடுக்கப்போறேன்" என்றான். மீட்பதைப் பற்றிச் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை.

கோயில் வாசலில் தூக்கியதும் அவள் அவன் கையைக் கடித்துவிட்டு ஓடி, உள்ளே ஒரு பெஞ்சுக்கடியில் புகுந்துகொண்டாள். "எங்கப்பா என்ன வெட்டப்போறாரு!" என்று அலறினாள். சிலர் சிரித்தார்கள். சவரிராயன் அழுதுவிட்டான்.

ராஜமேரி ஓடிவந்து, "அது சும்மா சடங்கு கண்ணு, அப்பா திரும்ப வாங்கிக்குவாரு" என்றாள்.

"நீங்கதான சாமி கேட்டா குடுத்துடணும்னீங்க?"

"என்னக் கண்டாலே நடுங்குதுங்க," என்றான் சவரிராயன். "சாமிக்குப் புள்ள வேணாம்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கம்மா. நீங்க சொன்னாத்தான் நம்பும்."

சாமி கேட்டால் கொடுத்துவிட வேண்டும் என்பதை விட்டுவிட்டால், மகளைக் கொடுத்த ராஜமேரியை இத்தனை வருஷம் தாங்கிய தேறுதலும் போய்விடும். ஆனால் பெஞ்சுக்கடியில் பிள்ளைக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது. முழங்காலிட்டுக் குனிந்தாள்.

"சாமிக்குப் புள்ள வேணாம் கண்ணு. புள்ள பெத்தவங்ககிட்ட இருந்தாத்தான் சாமிக்குச் சந்தோசம்."

ரோசம்மா தவழ்ந்து வந்து தகப்பன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நேர்ச்சையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று அவன் அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

ராஜமேரி எழுந்திருக்கவில்லை. பீடத்தைப் பார்த்து, தனக்கே கேட்காத குரலில் கேட்டாள்: "அப்ப எம்புள்ளய ஏன் சாமி வாங்கிக்கிட்ட?"