அவர் தூக்காத பிள்ளை

என் கணவருக்கு அந்த வேலை கிடைத்தபோது எங்கள் மகளுக்கு ஏழு மாதம். கொருக்குப்பேட்டையில் ஒண்டுக்குடித்தனம். இன்டர்நெட் பார்க்க பிரவுசிங் சென்டருக்குப் போன காலம். இன்டர்நெட்டில் ஊர் உலகத்து ஆட்கள் போடுகிற படங்களையும் வீடியோக்களையும் பார்த்து, ஆகாதவற்றை அழிக்க வேண்டும். அதுதான் வேலை.

"ஏசில குந்திகினு படம் பாக்க சம்பளமா? குடுத்து வெச்ச மன்சன்!" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. எனக்கும் பெருமைதான்.

குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டே தூங்கியவர், மூன்று நான்கு மாதத்தில் அவளைத் தொடுவதையே நிறுத்தினார். அவள் தவழ்ந்து கிட்டே வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். நான் அவளுக்குத் துணி மாற்றினால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். ஆபீசில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டால், "வெளிய சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிகினாங்க" என்பதோடு சரி.

அவருடைய அண்ணனுக்கு இரண்டும் ஆண் பிள்ளைகள். எனக்குத் தோன்றிய காரணம் அது ஒன்றுதான்.

முதல் பிறந்தநாளன்று, போட்டோ எடுப்பதற்காக அவளை அவர் மடியில் உட்கார வைத்தேன். நெருப்பு பட்டதுபோல் என்னிடம் தள்ளிவிட்டு எழுந்தார். குழந்தை வீறிட்டது.

"பொட்டப்புள்ளன்னுதானே தொட மாட்டேன்ற? நீயெல்லாம் ஒரு மன்சனா?" என்று சந்தே கேட்கக் கத்தினேன். அன்றைக்கே குழந்தையோடு தண்டையார்பேட்டைக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன்.

மூன்று வாரம் கழித்து வந்தார். பாதியாக இளைத்திருந்தார். உள்ளே கூப்பிட்டும் வராமல் வாசலிலேயே நின்றார்.

"தெனம் கொயந்தைங்க படம் வருது. இவ வயசுதான். பெரிய ஆளுங்க அதுங்கள..." தன் கைகளை விரித்துப் பார்த்தார். "பாத்தாதான் அழிக்க முடியும். இப்போ என் கையப் பாத்தாலே அந்த ஆளுங்க கையாட்டம் கீது. இத்த வெச்சிகினு இவள எப்டி தூக்குவேன்?"

"எங்கிட்ட ஏன்யா சொல்லல?"

"சொன்னா உன் கண்ணுலயும் அது வந்து ஒக்காந்துக்குமே."

அந்த வாரமே வேலையை விட்டார்; நானும் குழந்தையோடு வீடு திரும்பினேன். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கணக்கெழுதப் போனார். தூக்கம் திரும்பியது, சாப்பாடு திரும்பியது. மகளைத் தூக்குவது மட்டும் திரும்பவில்லை. பெண் குழந்தை பிடிக்காதவர் என்றே எங்கள் சந்து அவரை நினைத்துக்கொண்டது. அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவள் நான். அது தப்பு என்று சொல்லப் போனால் உண்மையையும் சொல்லியாக வேண்டும். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

மகளுக்கு நான்கு வயதானபோது, "அப்பா ஏம்மா என்னத் தூக்கவே மாட்டேங்குது?" என்று கேட்டாள்.

"அப்பாக்கு கை வலிடா" என்றேன். வேறென்ன சொல்ல?

அன்று சாயங்காலம் அவர் வந்து உட்கார்ந்ததும், தலைவலித் தைலத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவருடைய வலது கையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, விரல் விரலாகத் தேய்த்துவிட்டாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"ரொம்ப வலிக்குதாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இன்னும் மெதுவாகத் தேய்த்தாள்.